ஜாப்லிப்பில் மாட்யூல் இருந்தும் எஸ்806-04 வருகிறது, ஏன்?

கேள்வி:
வணக்கம். ஐபிஎம் மெயின்ஃபிரேமின் இயங்குதளமான இசட்/ஓஎஸ்ஸில் இரண்டு ஸ்டெப் உள்ள ஒரு பேட்ச் ஜாப். எங்கள் கோபோல் (COBOL) புரோகிராம்கள் ஓடத் தயாரான மாட்யூல்களாக இருக்கும் லோட் லைப்ரரி, ஜாப் முழுவதற்கும் லைப்ரரிகளைக் காட்டும் ஜாப்லிப்பில் இருக்கிறது. இரண்டாவது ஸ்டெப்புக்கு இன்னொரு லைப்ரரியும் தேவைப்பட்டதால், அந்த ஸ்டெப்புக்கு மட்டும் லைப்ரரிகளைக் காட்டும் ஒரு ஸ்டெப்லிப் சேர்த்தோம். அப்போதிருந்து முதல் ஸ்டெப் நன்றாக ஓடுகிறது, இரண்டாவது எஸ்806-04 என்று அபெண்ட் ஆகிறது, அதாவது பாதியில் நின்றுவிடுகிறது. ஜாப் லாகில் சிஎஸ்வி003ஐ (CSV003I) என்ற செய்தி, மாட்யூல் கிடைக்கவில்லை என்று. ஆனால் மாட்யூல் லைப்ரரியில் இருப்பதைக் கண்ணால் பார்த்தேன்!

பதில்:
புதிதாகச் சேர்த்த ஸ்டெப்லிப்தான் காரணம். ஸ்டெப்லிப் உள்ள ஸ்டெப்பில் சிஸ்டம் ஜாப்லிப்பைத் தொடவே தொடாது. இரண்டும் சேர்ந்து தேடப்படும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. உங்கள் லோட் லைப்ரரியையும் அதே ஸ்டெப்லிப்பின் கீழ் கன்காட்டினேட் செய்யுங்கள், அதாவது அடுத்ததாகச் சேருங்கள்.

மாட்யூலைத் தேடும் வழக்கமான வரிசை இதுதான்: ஏற்கெனவே லோட் ஆகி ஜாப் பேக் ஏரியாவில் (ஜாப்பின் சொந்த நினைவகத்தில்) இருப்பது, டாஸ்க்லிப் (புரோகிராமே தன் டாஸ்க்குக்குக் குறிப்பிடும் லைப்ரரி) இருந்தால் அது, பிறகு ஸ்டெப்லிப் அல்லது ஜாப்லிப், அடுத்து எல்பிஏ (எல்லோரும் பகிரும் நினைவகப் பகுதி), கடைசியாக லிங்க்லிஸ்ட் (சிஸ்டம் முழுவதற்குமான லைப்ரரிகளின் பட்டியல்). முதலில் எது கிடைக்கிறதோ அதோடு தேடல் நின்றுவிடும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி, அபெண்ட் போய்விட்டது. ஆனால் இப்போது ஓடுவது பழைய வெர்ஷன். புதியதை டெஸ்ட் லைப்ரரியில் போட்டிருக்கிறேன், அதுவும் ஸ்டெப்லிப்பில் இருக்கிறது.

பதில்:
ஸ்டெப்லிப்பில் டெஸ்ட் லைப்ரரி எத்தனையாவது? அதற்கு மேலே உள்ள லைப்ரரியில் அதே பெயரில் பழைய மெம்பர் (லைப்ரரிக்குள் இருக்கும் மாட்யூல்) இருந்தால் அதுதான் ஓடும். ஐஎஸ்பிஎஃப் என்ற மெனு திரையில் டிஎஸ்ஓ ஐஎஸ்ஆர்டிடிஎன் (TSO ISRDDN) என்று கொடுத்து, மெம்பர் (MEMBER) என்ற கட்டளையோடு மாட்யூல் பெயரைத் தந்தால் எங்கெல்லாம் இருக்கிறது என்று காட்டும். ஒன்று கவனியுங்கள்: அது நீங்கள் லாகின் செய்த டிஎஸ்ஓ செஷனின் அலோகேஷன்களைத்தான் (அதில் இணைத்துள்ள லைப்ரரிகளைத்தான்) பார்க்கும், ஜாப்பினுடையதை அல்ல. அதனால் ஜாப்பை விவரிக்கும் ஜேசிஎல்லில் உள்ள லைப்ரரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதே நம்பகமானது.

இன்னொருவர்:
லிங்க்லிஸ்ட் லைப்ரரியில் மாட்யூலை மாற்றினால் கதை வேறு. எல்எல்ஏ என்ற சிஸ்டம் வசதி அந்த லைப்ரரிகளின் டைரக்டரியை நினைவகத்தில் வைத்திருப்பதால், ரிஃப்ரெஷ் செய்யும்வரை பழையதே வரும். சிஸ்டம் புரோகிராமரிடம் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
டெஸ்ட் லைப்ரரி மூன்றாவதாக இருந்தது. மேலே ஏற்றினேன், புதிய வெர்ஷன் ஓடுகிறது. மிக்க நன்றி.

பதில்:
நல்லது. அந்த ஸ்டெப்பில் ஓடுவது ஏபிஎஃப் அங்கீகாரம் (சிஸ்டத்தின் பாதுகாக்கப்பட்ட சேவைகளைப் பயன்படுத்தும் அனுமதி) தேவைப்படும் புரோகிராம் என்றால் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கீகாரம் இல்லாத ஒரே ஒரு லைப்ரரி கலந்தாலும் ஸ்டெப்லிப் முழுவதுமே அங்கீகாரத்தை இழக்கும், எஸ்047 அபெண்ட் வரலாம்.