கேஸ்ட்ரிக் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அமினோ பவுடர் குடிக்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்

பாயான் லெப்பாஸிலிருந்து:

நானே தொடங்கி வைக்கிறேன். பினாங்கில் ஃபேக்டரி வேலை, ஷிஃப்ட். நெஞ்செரிச்சல் எனக்குப் பழைய சொந்தக்காரன் மாதிரி, சொல்லாமல் கொள்ளாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும். நள்ளிரவில் நாசி கண்டார் கடையில் கறியைப் ‘பஞ்சிர்’ என்று வெள்ளமாக ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு நேராகப் போய்ப் படுத்தால் வேறென்ன வரும்? கிளினிக்கில் வயிற்று ஆசிட்டைக் குறைக்கும் பாந்தோபிரசோல் 40 மில்லிகிராம் கொடுத்திருக்கிறார்கள். காலையில் பசியாறுவதற்கு அரை மணி நேரம் முன்னால் ஒன்று.

ஜிம்முக்கும் போகிறேன். அமினோ பவுடரும் குடிக்கிறேன், அதாவது புரதத்தை உடைத்தால் கிடைக்கும் அமினோ அமிலங்கள். அங்கே உள்ள தம்பி ஒருவன், “அண்ணே, அந்த மாத்திரை வயித்துல ஆசிட்டையே நிறுத்திடும். அப்புறம் அமினோ எப்படிச் செரிக்கும்? காசுதான் வேஸ்ட்” என்றான். ஒரு டப்பா நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் என்பதால் கொஞ்சம் கலங்கித்தான் போனேன். டப்பாவையே எடுத்துக்கொண்டு ஃபார்மசிக்குப் போனேன்.

அங்கிருந்த மருந்தாளர் சொன்னது: இறைச்சி, முட்டையில் உள்ள புரதத்தை உடைக்கும் வேலை வயிற்றில் ஆரம்பிக்கிறது. பெப்சின் என்ற நொதிக்கு ஆசிட் வேண்டும். ஆனால் பெரிய வேலையைச் செய்வது கணையம் சுரக்கும் நொதிகள். அதெல்லாம் சிறுகுடலில் நடக்கிறது. பவுடரில் இருக்கும் அமினோ அமிலங்களோ ஏற்கெனவே தனித்தனியாகப் பிரிந்தவை. உடைக்க ஒன்றுமில்லை, சிறுகுடல் நேராக எடுத்துக்கொள்ளும். மாத்திரை அதற்குக் குறுக்கே நிற்காது.

சரி, அப்படியானால் பவுடர் குடிக்கும் நாளில் மட்டும் ஏன் தொண்டை வரை எரிகிறது? அவர் டப்பாவைத் திருப்பி, பொடி எழுத்தில் இருந்ததை விரலால் தொட்டுக் காட்டினார். லியூசின், ஐசோலியூசின், வேலின் என்று வரிசையாக வந்து, அதற்குக் கீழே சிட்ரிக் அமிலம், மாலிக் அமிலம், காபின். பச்சை ஆப்பிள் சுவை என்றால் புளிப்பு எங்கிருந்தாவது வர வேண்டுமே! “மாத்திரை உங்க வயிறு சுரக்கிற ஆசிட்டைத்தான் குறைக்கும். நீங்க குடிக்கிற ஆசிட்டை என்ன செய்யும்?” என்றார். இதைக் குடித்த கையோடு பெஞ்சில் மல்லாந்து படுத்து எடை தூக்கினால் எதுக்களிக்காமல் இருக்குமா?

இப்போது சுவை சேர்க்காத பவுடர். லியூசின் கசக்கும், மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்க வேண்டியதுதான். உடற்பயிற்சி முடிந்து, சாப்பாட்டோடு குடிக்கிறேன். எரிச்சல் இல்லை.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து:

அண்ணே, எங்கள் வீட்டுக் கதை வேறு. அம்மா பல வருடமாக அதே வகை மாத்திரையான ஒமிப்பிரசோல் சாப்பிடுகிறார். தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்கே வந்து, ‘செரிமானத்துக்கு நல்லது, எல்லாம் அமினோதான்’ என்று ஒரு கேப்சூல் விற்றுவிட்டுப் போனார். லேபிளைப் பார்த்தால் பீட்டைன் ஹைட்ரோகுளோரைடு. அது வயிற்றில் ஆசிட் சேர்ப்பதற்காகவே விற்பது! காலையில் ஆசிட்டைக் குறைக்க ஒரு மாத்திரை, மதியம் கூட்ட ஒரு கேப்சூல். டாக்டர் பார்த்ததும் கேப்சூலை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

கூடவே வைட்டமின் பி12 பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார். சாப்பாட்டில் இருக்கும் பி12 புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்குமாம், அதைப் பிரிக்க ஆசிட் தேவை. அதனால் இந்த மாத்திரைகளை நீண்ட காலம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையலாம், மக்னீசியமும் குறையலாம். அமினோவைப் பற்றிக் கவலைப்பட்ட நாங்கள் இதை யோசிக்கவே இல்லை.

இங்கே மலேசியாவில் பதிவு செய்த சத்து மாத்திரை என்றால் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும், கடைசி எழுத்து என். அந்தக் கேப்சூலில் ஒன்றையும் காணோம்.

செந்தூலிலிருந்து:

ஃபார்மசியில் வேலை பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் சேர்த்துச் சொல்கிறேன். சில ஜிம் பவுடர்களில் ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலமும் இருக்கும். உடம்பு அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கிறது. உணவுக்குழாயின் அடிவாய்த் தசையைத் தளர்த்துவதும் அதே நைட்ரிக் ஆக்சைடுதான். எதுக்களிப்பு உள்ளவர்கள் லேபிளில் அந்தப் பெயரையும் தேடுங்கள்.

அமினோ அமிலத்தோடு நிஜமாகவே மோதுகிற மருந்து பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் லெவோடோபா. குடலிலும் மூளைக்குப் போகும் வழியிலும் இரண்டும் ஒரே வாசலுக்குப் போட்டி போடும். வீட்டில் யாராவது அதைச் சாப்பிட்டால் டாக்டரைக் கேட்காமல் பவுடர் கொடுக்காதீர்கள்.

பாயான் லெப்பாஸ் அண்ணனுக்கு ஒன்று: எரிச்சல் போய்விட்டதே என்று பாந்தோபிரசோலை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நெடுநாள் சாப்பிட்டுத் திடீரென்று விட்டால் வயிறு முன்னைவிட அதிகமாக ஆசிட் சுரக்கும், பழி மறுபடியும் பவுடர் மேல்தான் விழும். அடுத்த முறை கிளினிக் போகும்போது எப்படிக் குறைப்பது என்று கேளுங்கள். மாத்திரையை உடைத்தோ பொடித்தோ சாப்பிட வேண்டாம், மேல்பூச்சு போய்விட்டால் வயிற்று ஆசிட்டே மருந்தை அழித்துவிடும்.