பள்ளிக்கூடத்துக் கடைசி நாளும் பாண்டி கோயில் மொட்டையும்

போன வருசம் ஜூன்ல ஸ்வீடன்ல அக்கா மக வீட்ல இருந்தேன். கிளம்புறதுக்கு முன்னாடியே போன் போட்டு, "சித்தி, மதுரை வீட்டு ஆல்பத்துல தம்பியோட சின்ன வயசுப் போட்டோ ஒண்ணு எடுத்துட்டு வாங்க"ன்னா. கைக்குக் கிடைச்சது பாண்டி கோயில்ல மொட்டை போட்டு, தலை நிறையச் சந்தனத்தோட தாய்மாமன் மடியில வீறிட்டு அழுகுற படம். எதுக்குன்னு அங்க போன பிறகுதான் தெரிஞ்சது: தம்பி அங்க பள்ளிக்கூடம் முடிக்கிறான்.

நம்ம பிளஸ் டூ மாதிரி அங்க கிம்னாசியம். முடிக்கிற அன்னைக்கு பிள்ளைக வெள்ளைத் தொப்பி போட்டுக்கிட்டு, கத்திக்கிட்டே பள்ளிக்கூடத்து வாசல்ல இருந்து ஓடி வருதுக. வெளிய சொந்தபந்தம் பூராம் அவங்கவங்க பிள்ளையோட குழந்தைப் படத்தைப் பெருசா அட்டையில ஒட்டித் தூக்கிப் பிடிச்சு நிக்கிறாக. நம்ம காதுகுத்து ஃப்ளெக்ஸ் தோத்துரும்! அத்தனை செம்பட்டைத் தலைக்கு நடுவுல எங்க மொட்டை. பக்கத்துல நின்ன அம்மா, தலையில என்ன பெயிண்டான்னு கேட்டாங்க.

அப்புறம் தம்பி கழுத்துல நீல மஞ்சள் ரிப்பன்ல பூவும் பொம்மையும் மாட்டிவிட்டாங்க. பிர்ச் மரக்கிளை கட்டின லாரியில ஏறிப் பாட்டுப் போட்டு ஊரைச் சுத்தினாங்க. வீட்டு விருந்துல கேக்னு நினைச்சு வாய்ல வச்சேன், உள்ள இறால். அதை விடுங்க. வந்த விருந்தாளி ஒருத்தர்கூட மார்க் எவ்வளவுன்னு கேக்கல.

நான் பிளஸ் டூ முடிச்சது 1993. கடைசிப் பரீட்சை முடிஞ்சதும் ஒருத்தி மேல ஒருத்தி இங்க் அடிச்சோம். தாவணி தங்கச்சிக்கு ஆகணும்னு அம்மா வச்சிருந்தாங்க, விழுந்த அடி இன்னும் நினைப்பிருக்கு. ரிசல்ட் சாயங்காலப் பேப்பர்ல. எங்க கூட்டத்துல நம்பர் வராத ஒருத்தி வீட்டுப் பக்கம் நாங்க யாரும் போகல. மிச்சப் பேரு விளக்குத்தூண் போயி ஜிகர்தண்டா குடிச்சோம். இப்ப நினைச்சா அதுதான் உறுத்துது.

திருமங்கலத்துக்காரர்:
அக்கா, நான் நார்வேல ரெண்டு வருசம் வேலை பார்த்தேன். அங்க கூத்தே வேற. சிவப்பு ஓவரால் மாட்டிக்கிட்டு, மே 17 அவுக தேசிய தினம் வரைக்கும் ஆட்டம். கடைசிப் பரீட்சையில பாதி அதுக்கப்புறம்தான்! ஒவ்வொருத்தனும் தன் போட்டோ போட்டு நக்கலா ஒரு வரி அச்சடிச்ச அட்டை வச்சிருப்பான். தெருப் பொடுசுக துரத்தித் துரத்தி வாங்கிச் சேர்க்கும், நாம தீப்பெட்டிப் படம் சேர்த்த மாதிரி. எங்கய்யா பார்த்திருந்தா ஓவராலோட சேர்த்து வெளுத்திருப்பாரு.

மேலூர் டீச்சர்:
இங்க் அடிக்காம பார்த்துக்கிறதுதான் எங்களுக்குக் கடைசி நாள் டியூட்டி. போன மார்ச்ல கேட்டுல நின்னு பேனாவை எல்லாம் வாங்கி வச்சேன். சேட்டைக்காரப் பய ஒருத்தன் திரும்பி வந்து, "நீங்களாவது ஒரு சொட்டு வைங்க டீச்சர்"னு முதுகைக் காட்டிட்டு நின்னான். காலருக்குக் கீழ சின்னதா ஒரு புள்ளி வச்சேன். ஹெச்.எம். காதுக்குப் போயிறாம பார்த்துக்கங்க.