மாநிலப் பட்டியலில் இல்லாத ரூப்ரிக்குக்கு (ஆசிரியர்களை மதிப்பிடும் அளவுகோல்) ஒப்புதல்: நியூயார்க் மாநிலத்தில் யாராவது வாங்கியிருக்கிறீர்களா?

எங்கள் பள்ளி மாவட்டத்தில் ஆசிரியர்களை மதிப்பிட, பட்டியலில் உள்ள டேனியல்சன் 2013 ரூப்ரிக். சிறப்புக் கல்வி வகுப்புகளுக்கு அது பொருந்தவே இல்லை. வினா, விவாதம் பகுதியில் உச்ச மதிப்பெண் வேண்டுமென்றால் மாணவர்களே கேள்வி எழுப்பி விவாதத்தை நடத்த வேண்டும். எங்கள் பிள்ளைகள் படஅட்டையைத் தொட்டுப் பேசுபவர்கள்! அதனால் ஓர் ஆலோசகரை வைத்து இந்த ஆசிரியர்களுக்குத் தனி ரூப்ரிக் எழுதினோம். பள்ளி முதல்வர்களுக்கும் ஒன்று எழுதியிருக்கிறோம், அதில் அவ்வளவு சிக்கல் இல்லை.

ஆசிரியர் மதிப்பீட்டுக்கு 2024இல் புதிய 3012-இ சட்டம் வந்தாலும் நாங்கள் இன்னும் பழைய 3012-டி சட்டத் திட்டத்தில்தான். ஆசிரியர்களுக்கான எங்கள் ரூப்ரிக்கை மாநிலத்தின் 7 கற்பித்தல் தரங்களோடு வரிக்கு வரி ஒப்பிட்டு அட்டவணை போட்டாயிற்று. நான்கு மதிப்பீட்டு நிலைகளும் தெளிவு. ஆசிரியர் சங்கமும் சரி என்றுவிட்டது. அப்புறம் இரண்டு பேர் ஒரே பாடத்தைப் பார்த்து மதிப்பிட்டோம், பாதி இடங்களில் ஒத்துப்போகவில்லை. ரூப்ரிக்கை எழுதிய ஆலோசகரிடமும் ஆய்வுச் சான்று இல்லை.

பட்டியலில் இல்லாததைப் பயன்படுத்த மாநிலத்துக்கு அனுப்பும் விலக்கு விண்ணப்பத்தில் நம்பகத்தன்மைக்குச் சான்றாக நீங்கள் எதை இணைத்தீர்கள்?