மறுமொழி: மிரர்லெஸ் என்றால் "கையடக்கக் கேமரா"வா? "வாயாழம்" என்ற சொல்லுக்கு ஒரு முன்மொழிவு

அனைவருக்கும் வணக்கம்.

பெங்களூரு அல்சூரில் நாம் நடத்தும் கேமரா வகுப்புக்கான கையேட்டில் படங்கள் முடிந்துவிட்டன, சொற்பட்டியல்தான் பாக்கி. நேற்று வந்த மடல்களில் மிரர்லெஸ் கேமராவுக்கும் (உள்ளே ஆடி, அதாவது மிரர், இல்லாமல் லென்சை மாற்றிக்கொள்ளும் வகை), அதற்குள் இருக்கும் ஒரு தொலைவுக்கும் சொன்ன இரண்டு சொற்களை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> மிரர்லெஸ் எல்லாவற்றுக்கும் "கையடக்கக் கேமரா" என்று போட்டுவிடலாம். மக்களுக்குச் சட்டென்று புரியும்.

ஐயா, புரியும்தான். ஆனால் தப்பாகப் புரியும். கையில் அடங்குவது பாடி, அதாவது லென்சு இல்லாத கேமரா உடல் மட்டும். லென்சு மாட்டியபின் அடங்குமா என்பது வேறு கணக்கு. போன மழைக்காலத்தில் வகுப்புக்கு வந்த ஒரு தம்பி, "சின்னது சார்" என்று கடையில் சொன்னதை நம்பிப் பழைய எஸ்எல்ஆரை (உள்ளே ஆடி வைத்த வகை) தள்ளிவிட்டு ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் (35 மி.மீ. ஃபிலிம் அளவுக்குப் பெரிய உணரி, அதாவது சென்சர், கொண்டது) வாங்கினார், கூடவே 24-70 எஃப் 2.8 லென்சும். லால்பாக் பாறை மேல் ஏறும்போது, "பை கனம் குறையவே இல்லையேண்ணா" என்றார். குறையாதுதான். 2013இல் வந்த முதல் சோனி ஏ7 பாட்டரியோடு 474 கிராம். அதற்கென்று 2016இல் வந்த 24-70 எஃப் 2.8 லென்சு மட்டுமே 886 கிராம். பாடியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இது ஃபுல் ஃபிரேமில் மட்டும் நடக்கிற விஷயமல்ல. 2010இல் வந்த, அதைவிடச் சின்ன உணரி கொண்ட சோனி நெக்ஸ்-5ஐப் பாருங்கள். பாடியின் உயரம் 59 மி.மீ. அதோடு வந்த 18-55 லென்சின் விட்டம் 62 மி.மீ. பாடியைவிட லென்சு உயரம்! மேசையில் வைத்தால் லென்சுதான் மேசையைத் தொடும். கேமராவுக்கு லென்சு மாட்டியிருக்கிறதா, லென்சுக்குக் கேமரா மாட்டியிருக்கிறதா என்று பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். இதைக் "கையடக்கம்" என்று நம் கையேடு சொன்னால், படித்தவர் கடையில் போய் ஏமாறுவார். அதற்கு நாமே காரணமாகிவிடுவோம்.

வகைப்பெயராக "ஆடியிலி" போதும். குழியாடி, குவியாடி என்று பள்ளியிலேயே படித்ததுதான். ஆடி இல்லாதது ஆடியிலி. அளவைப் பற்றி அந்தப் பெயர் எதையும் சொல்லாமல் இருப்பதுதான் அதன் நல்ல குணம்.

இனி முக்கியமான சொல்.

> ஃப்ளேஞ்ச் ஃபோகல் டிஸ்டன்ஸ் = விளிம்புக் குவியத் தொலைவு

அக்கா, சொல்லுக்குச் சொல் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் "குவியத் தொலைவு" என்பதை ஃபோகல் லெங்த்துக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். 50 மி.மீ. லென்சு என்றால் அந்த 50 லென்சின் குணம். நீங்கள் சொல்லும் தொலைவு பாடியின் குணம். எந்த லென்சை மாட்டினாலும் மாறாது. இரண்டுக்கும் ஒரே பெயர் வந்தால் புதிதாகப் படிப்பவர் நிச்சயம் குழம்புவார்.

அந்தத் தொலைவு எது என்று கையில் வைத்தே பார்க்கலாம். பல கேமராக்களின் மேல்தட்டில், ஒரு சின்ன வட்டமும் அதைக் குறுக்கே வெட்டும் கோடும் பொறித்திருக்கும். அந்தக் கோட்டுக்கு நேர் கீழே உள்ளேதான் உணரியின் முகம் இருக்கிறது. லென்சைக் கழற்றிவிட்டு, அந்தக் கோட்டிலிருந்து முன்னால் உள்ள உலோக வளையத்தின் முகம் வரை அடிக்கோலை வையுங்கள். சோனி இ மவுண்ட் (மவுண்ட் என்பது லென்சு மாட்டும் அமைப்பு) என்றால் 18 மி.மீ. வரும், நிக்கான் இசட் 16, கேனான் ஆர்எஃப் 20. பழைய எஸ்எல்ஆர்களில் இதுவே கேனான் ஈஎஃப் 44, நிக்கான் எஃப் 46.5. நடுவில் ஆடி சாய்ந்து நிற்கவும், படம் எடுக்கும்போது மேலே எழும்பவும் அவ்வளவு இடம் வேண்டியிருந்தது. ஆடி போனது, இடமும் போனது, பாடி மெலிந்தது.

பாடியின் முன்பக்கத் திறப்பு, வாய். அங்கிருந்து உணரி வரை உள்ளது, ஆழம். ஆகவே என் முன்மொழிவு: வாயாழம்.

சொல் சின்னது, உச்சரிக்க எளிது, பார்த்தவுடன் பொருள் தெரியும். நம் ஊருக்கென்று இன்னொரு வசதியும் உண்டு. வகுப்புக்கு வருகிற பிள்ளைகளில் பலர் வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் கன்னடமோ ஆங்கிலமோ படித்தவர்கள். "விளிம்புக் குவியத் தொலைவு" என்று எழுதினால் எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் சோர்ந்துவிடுவார்கள். வாய் கன்னடத்தில் பாயி, ஆழம் ஆள. ஸ்ரீராமபுரத்துப் பையனுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

> கேமராவுக்கு வாய் என்றால் சிரிக்கமாட்டார்களா?

கிணற்று வாய் என்கிறோம், பானை வாய் என்கிறோம், பீரங்கி வாய் என்கிறோம். யாரும் சிரிப்பதில்லை. வாசலே வாயிலிலிருந்து வந்ததுதான். திறப்புக்கு இதைவிடப் பழகிய சொல் நம்மிடம் இல்லை.

சொல்லை வேலை வாங்கிப் பார்த்தால்தான் அதன் பலம் தெரியும். ஒரு மவுண்டின் லென்சை வேறு மவுண்டின் பாடியில் மாட்ட நடுவில் வைக்கும் வளையமான அடாப்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஈஎஃப் லென்சை ஆர்எஃப் பாடியில் மாட்ட எவ்வளவு நீளமான அடாப்டர் வேண்டும்? வாயாழங்களின் வித்தியாசம்: 44-இல் 20 போனால் 24 மி.மீ. நிக்கானில் 46.5-இல் 16 போனால் 30.5. ஆர்எஃப் லென்சை ஈஎஃப் பாடியில் மாட்ட ஏன் சாதாரண அடாப்டர் இல்லை என்பதும் இதிலேயே வந்துவிடுகிறது. லென்சைப் பாடிக்குள் 24 மி.மீ. புதைக்க வேண்டியிருக்கும்.

அப்புறம், லென்சு ஏன் சிறுக்கவில்லை என்ற கேள்விக்கு வருகிறேன். வாயாழம் குறைந்ததால் லென்சும் குறையும் என்று நம்புகிறவர்கள் நம் குழுவிலேயே இருக்கிறார்கள். 200 மி.மீ. எஃப் 2.8 என்றால், 200-ஐ 2.8-ஆல் வகுங்கள், 71 மி.மீ. அந்த அளவு ஒளிவழி வேண்டும் என்பதால் முன்கண்ணாடி அதற்குக் கீழே இறங்க முடியாது. ஆடி இருந்தாலும் போனாலும் இந்தக் கணக்கு மாறாது. அகலமான காட்சியை அடக்கும் வைடு லென்சுகளில் மட்டும் குறைந்த வாயாழம் நிஜமாகவே உதவுகிறது. ஆடிக்கு வழிவிட்டு லென்சைத் தள்ளி நிறுத்தும் சுற்றுவழி வடிவமைப்பு அங்கே கட்டாயமில்லை, பின்கண்ணாடியை உணரிக்குப் பக்கத்தில் கொண்டுவரலாம்.

லென்சின் அளவைத் தீர்மானிக்கும் இன்னொன்று, அது உணரி மேல் விழவைக்கும் ஒளிவட்டம். இதற்குப் "படவட்டம்" என்று முன்பே ஒருவர் எழுதியிருந்தார், அதை மனமார ஆதரிக்கிறேன். ஃபுல் ஃபிரேமுக்குப் படவட்டம் குறைந்தது 43 மி.மீ. விட்டம் வேண்டும், சின்ன உணரி கொண்ட மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகைக்கு 22 போதும். அதன் வாயாழம் சுமார் 19 மி.மீ., அதாவது சோனி இ-யைவிடக் கூடுதல். ஆனாலும் 2013இல் பானசோனிக் ஜிஎம்1-உடன் வந்த 12-32 லென்சு வெறும் 70 கிராம். பாடியும் லென்சும் சேர்ந்தே சட்டைப்பையில் போகும். வாயாழம் மெலிவிப்பது பாடியை, படவட்டம் சிறுக்கவைப்பது லென்சை. இந்த வேறுபாட்டைக் கையேட்டில் பெரிய எழுத்தில் போட வேண்டும் என்பது என் ஆசை.

வாங்க வருகிறவருக்கு வேண்டியது இரண்டும் சேர்ந்த அளவு. அதற்குக் "கூட்டளவு" என்று வைக்கலாமா? "பாடி 509 கிராம், கூட்டளவில் எவ்வளவு?" என்று ஒருவர் கடையில் கேட்க ஆரம்பித்தால் எனக்கு அதுவே போதும். கனத்துக்கும் "அளவு" சரிவருமா என்று ஒரு சின்ன தயக்கம் இருக்கிறது. இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

லென்சா வில்லையா என்ற விவாதத்தை இந்த இழையில் திறக்க வேண்டாம். யாழ்ப்பாணத்து நண்பர் சொல்லும் வில்லை அழகான சொல், இலங்கைப் பாடநூல்களில் நன்றாக வேரூன்றியது. நம் பிள்ளைகள் லென்சு என்றே பழகியிருப்பதால் லென்சு என்றே வைத்து, பக்கத்தில் வில்லை என்றும் கொடுத்துவிடலாம்.

பட்டியலில் சேர்க்க நான் கேட்பவை: ஆடியிலி, வாயாழம், படவட்டம், கூட்டளவு. "கையடக்கக் கேமரா"வை லென்சு கழற்ற முடியாத சின்னக் கேமராக்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். வாயாழத்தைவிட நல்ல சொல் யாருக்காவது தோன்றினால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை காலையில் கையேடு அச்சுக்குப் போகிறது.

அன்புடன்,
அல்சூரிலிருந்து