மாமிக்கு நாளைக்குக் கண் கிளினிக்

சரோ மாமி: மக்காள், நாளைக்கு மட்டக்களப்புக்கு நான் வரல்ல. கண் முகாமில எழுத்தெல்லாம் டக்கெண்டு வாசிச்சனான். கண் நல்லமாம். மறுகா என்னத்துக்குக் கண்ணுக்கு மருந்து விட்டுப் பின்னேரம் வரைக்கும் தடவிக்கிட்டுத் திரிய?

ரவி: கண்மணிய விரிக்க விடுற அந்த மருந்துக்குத்தான் மாமி பயப்பிடுறா.

வதனி: மாமி, நான் கண் வாட்டில வேல செய்யிற ஆள் எண்டு சொல்றன், போகாம விட்டுராதீங்க. முகாமில தந்த துண்ட ஒருக்காப் படம் எடுத்துப் போடுங்க.

சரோ மாமி: (படம்)

வதனி: பாத்தன். பார்வை வலது 6/6, அது சரியான பார்வை. இடது 6/9, கொஞ்சம் குறைவு. கீழ கண்ணாடி நம்பர். அவ்வளவுதான். கண்ணுக்குள்ள பின்பக்கம் இரிக்கிற விழித்திரையப் பாத்தது எண்டு ஒரு சொல்லும் இல்ல. எழுத்து வாசிக்க விழித்திரைட நடுப்பகுதி நல்லா இரிந்தாக் காணும். உங்களுக்கு இரிக்கிற சீனி வருத்தம் விழித்திரையில உள்ள சின்ன இரத்தக் குழாய்களத்தான் முதல்ல பழுதாக்கும். நோகாது, மங்காது. மங்கத் தொடங்கக்குள்ள கனக்கப் பழுதாகியிரிக்கும். முந்தியே கண்டா லேசர், ஊசி எண்டு பார்வையக் காப்பாத்தலாம்.

ரவி: மருந்து விடாமப் பாக்க ஏலாதா?

வதனி: வெளிச்சம் அடிச்ச உடன கண்மணி 2, 3 மில்லிமீற்றருக்குச் சுருங்கிரும். அதுக்குள்ளால நடுவில கொஞ்சம்தான் தெரியும். மருந்து விட்டா 7, 8 மில்லிமீற்றர் வரைக்கும் விரியும், வெளிச்சத்துக்கும் சுருங்காது. ஓரமும் பாக்கலாம். கமராவில மருந்தில்லாமலும் படம் எடுக்கிறதான். ஆனா வயசு போய், வெண்புரையும் தொடங்கியிரிந்தாப் படம் இருட்டா வரும். அத வச்சி நல்லம் எண்டு சொல்றத நான் ஒத்துக்க மாட்டன்.

வதனி: கனகாலம் சீனி இரிக்கிற ஆக்களுக்குக் கண்மணி லேசில விரியாது. ரெண்டு மூண்டு தரம் விடுவாங்க, அரை மணித்தியாலத்துக்கு மேலயும் குந்தியிரிக்க வரும். மங்கல் அநேகமா 4 - 6 மணித்தியாலத்தில போயிரும்.

சரோ மாமி: கண் பிரஷர் கூடும் எண்டு பக்கத்து வீட்டுப் புள்ள சொன்னாளே?

வதனி: கண்ணுக்குள்ள தண்ணி வடியிற மூலை ஒடுக்கமா இரிக்கிற கொஞ்சப் பேருக்குக் கூடலாம். அதுக்குத்தான் மருந்து விட முதல் பிரஷரும் அந்த மூலையும் பாக்கிற. அண்டிரவு கண் சிவந்து கடுமையா நொந்தா, சத்தி வந்தா, லைற்றச் சுத்தி வானவில் மாதிரித் தெரிஞ்சா விடியுமட்டும் பாத்திரிக்கக் கூடாது. உடன ஆஸ்பத்திரி.

வதனி: முகாமண்டு சீனி எவ்வளவு மாமி?

சரோ மாமி: 280.

வதனி: அப்ப அந்தக் கண்ணாடி நம்பரையும் நம்ப ஏலாது. சீனி ஏறி இறங்கினா கண்ணுக்குள்ள இரிக்கிற வில்லையும் மாறும். சீனி ஒரு மட்டத்துக்கு வந்த பிறகுதான் நம்பர் எடுக்கோணும்.

சரோ மாமி: அதானா! புதுக் கண்ணாடி போட்டும் ஊசியில நூல் கோர்க்க ஏலாம இரிக்கி.

ஜீவா மச்சாள்: வதனி, மகனுக்கு 7 வயசு. அவனுக்கும் மருந்து விடச் சொல்றாங்க. தேவையா?

வதனி: விடுங்க மச்சாள். சின்னப் புள்ளயள் கண்ண இறுக்கிக் கூர்மையாக்கிப் பாப்பாங்க, உண்மையான நம்பர் ஒளிஞ்சிரும். அவங்களுக்கு வேற மருந்து. அடுத்த நாள் வரைக்கும் மங்கலாம், ஸ்கூலுக்கு விடாதீங்க.

வதனி: மாமி, பட்டினியா வராதீங்க. சாப்பிட்டு, சீனிக் குளிசையும் போட்டுட்டு வாங்க. ரவி, பைக்கில ஏத்தாத. திரும்பி வரக்குள்ள கல்லடிப் பாலத்தில வெயில் கண்ணக் குத்தும். ஓட்டோ பிடி.

ரவி: ஓம். கறுப்புக் கண்ணாடி என்னட்ட இரிக்கி.

சரோ மாமி: சரி மனே, வெள்ளண வா. கிளினிக் கொப்பியப் பையில வச்சிட்டன்.