காணிக்கை ஜிபேயில் வந்த பிறகு உங்கள் கோயிலில் என்ன நடந்தது?

தாமிரபரணிக்கரை:

நெல்லைப் பக்கம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. தூணில் க்யூஆர் அட்டை ஒட்டிய கதை எல்லா ஊரிலும் ஒன்றுதான், அதை விடுங்கள். என்னை அரித்துக்கொண்டிருப்பது வேறு.

காணிக்கைப் பாட்டு தொடங்கும் முன்பே ஐந்நூறு ரூபாயைப் போனில் போட்டுவிட்டேன். காணிக்கைப் பை வரிசையாக வந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் வேட்டி மடிப்பிலிருந்து ஒரு பத்து ரூபாயை எடுத்துப் போட்டார். அடுத்து நான். பையை அப்படியே அடுத்தவர் பக்கம் தள்ளிவிட்டிருக்கலாம். மனம் வரவில்லை. விரல்களை மூடிப் பைக்குள் விட்டு, திறந்து, வெறுங்கையை எடுத்தேன். பை பிடித்திருந்த கோயில்குட்டியார் (கோயில் ஊழியர்) என் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருஷமாகப் பை பிடிக்கிறவருக்கு எந்தக் கையில் என்ன இருக்கிறது என்று தெரியாதா?

அப்புறம் பைகளைப் பீடத்துக்குக் கொண்டுபோனார்கள், ஐயர் (எங்கள் போதகரை அப்படித்தான் சொல்வோம்) ஜெபித்தார். அந்த ஜெபத்தில் என் ஐந்நூறு இருந்ததா, இல்லையா? வீட்டில் கேட்டால் சிரிக்கிறார்கள். வேறு யாருக்காவது இப்படி உண்டா?

கோவைவாசி:

வெறுங்கையைப் பைக்குள் விடுவது நீங்கள் மட்டும் இல்லை அண்ணா. எங்கள் பெஞ்சில் பாதிப் பேர் அப்படித்தான்.

என் கதை சின்னது. நாங்கள் இருவரும் சம்பளம் வந்த அன்றே தசமபாகத்தை, அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை, போனில் அனுப்பிவிடுவோம். ஒரு ஞாயிறு வீட்டுக்குத் திரும்பும்போது மகள் பின்சீட்டிலிருந்து கேட்டாள்: "நாம ஏம்மா காணிக்கையே போட மாட்டேங்கிறோம்? நாம ஏழையா?" சண்டே ஸ்கூலில் ஏழை விதவை காணிக்கையாகப் போட்ட இரண்டு காசு பற்றிய பைபிள் பாடம் நடந்திருக்கிறது. அந்த விதவையே போட்டிருக்கிறாள், நாங்கள் போடவில்லை என்பது அவள் கணக்கு.

அதிலிருந்து டப்பாவில் பத்து ரூபாய் நாணயமாகச் சேர்த்து வைக்கிறேன். கடைக்காரர்கள் வாங்க மாட்டேன் என்கிற நாணயம் இதற்காவது ஆகிறது.

முத்துநகர்:

நாங்கள் ஆர்.சி., கத்தோலிக்கர். எங்கள் பங்கு (கோயில்) அலுவலக ஜன்னலில் அந்தப் பேசும் பெட்டியை வைத்திருக்கிறார்கள், டீக்கடையில் இருக்குமே, அதே பெட்டி. பூசை வைக்கக் கொடுக்கும் காசு ஆயர்கள் (பிஷப்புகள்) குறித்த தொகை, அதில் ஏற்றத்தாழ்வு இல்லை. (கொடுக்க வசதி இல்லாதவருக்கும் அவர்கள் வேண்டுதலுக்காகப் பூசை வைக்கலாம், திருச்சபைச் சட்டமே அப்படிச் சொல்கிறது. அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு.) திருவிழா நன்கொடைதான் சிக்கல்.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள், வரிசை நீளம். முன்னால் நின்றவர் அனுப்பியதும் பெட்டி "ஐயாயிரம் ரூபாய் பெறப்பட்டது" என்றது. ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்து ஒரு அக்கா, மீன் விற்றுவிட்டு நேராக வந்தவர், கூடை வெளியே இருந்தது. "ஐம்பது ரூபாய் பெறப்பட்டது." அதற்கும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அக்கா ரசீதுகூட வாங்காமல் போய்விட்டார். எனக்கு முன்னால் ஸ்கேன் செய்யப் போனைத் தூக்கியிருந்த பையன் அதைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு பர்ஸை எடுத்தான். அவனுக்குப் பின்னால் நானும்.

பெட்டியை உள்ளறையில் வைக்கக் கூடாதா என்று செக்ரட்டரியிடம் கேட்டேன். "சத்தம் கேட்டால்தானே வந்ததா இல்லையா என்று தெரியும்" என்றார்.

சவுக்குத்தோப்பு:

எல்லாரும் ஏதோ இதுவரை காணிக்கை ரகசியமாக இருந்தது போலவும் ஜிபே வந்துதான் கெடுத்தது போலவும் எழுதுகிறீர்களே. அறுப்பின் பண்டிகை லிஸ்ட் மறந்துபோயிற்றா? யார் வீட்டில் எவ்வளவு என்று மைக்கில் வாசிப்பது யார்? ட்யூப்லைட்டின் மேல் "உபயம்" என்று எழுதி வெளிச்சத்தையே மறைத்தவர்கள் நாம். பையில் விழும் சில்லறை ஒன்றுதான் ரகசியம்.

அந்தப் பண்டிகையில் காணிக்கையாக வந்த பொருள்களை ஏலம் விடுவார்களே, எனக்கு நடந்தது அதில். நான் துபாயில் இருக்கிறேன். பண்டிகை அன்று மச்சான் வாட்ஸ்அப் வீடியோவில் போனைத் தூக்கிப் பிடிப்பான், இங்கிருந்து கேட்போம். ஒரு முட்டை ஆயிரத்துக்கும், ஒரு சேவல் அதற்கு மேலேயும் போகும். யாருக்கும் முட்டை வேண்டாம், ஊர் வேண்டும். ஏலம் முடிந்ததும் என் என்.ஆர்.இ. (வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கான) கணக்கிலிருந்து யூபிஐயில் அனுப்பிவிடுவேன். 2023இல் அமீரக நம்பருக்கும் வழி திறந்த பிறகு வேலை சுலபம்.

போன வருஷம் கனடாவிலிருந்து தங்கச்சியும் சேர்ந்தாள். எங்கள் வீட்டுத் தென்னையில் பறித்த தேங்காய் ஏலத்துக்கு வந்தது. விடாமல் கேட்டாள், பத்தாயிரத்துக்கு எடுத்தாள். ஊரே கை தட்டியது. ஜெபம் முடிந்து ஆள் கலையும்போது பொருளாளர் மச்சானின் போனை வாங்கி, "தங்கச்சி, நீங்க கனடா சிட்டிசன்தானே? உங்க பணம் வேண்டாம்மா, வெளிநாட்டு நன்கொடை வாங்க நம்ம சபைக்கு எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இல்லை" என்றார். இந்தியாவில் உள்ள என் என்.ஆர்.ஓ. பாங்குக் கணக்கிலிருந்து ரூபாயாகத்தான் அனுப்பப்போகிறேன் என்றாள். அதுவும் ஆகாதாம். நான் அனுப்பலாம், என்னிடம் இந்தியப் பாஸ்போர்ட். அவள் அனுப்பக் கூடாது.

"அண்ணே, அந்தத் தென்னையை நட்டதே நான்தான்" என்றாள். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. தேங்காயை மறு ஏலம் விட்டார்கள். முந்நூறுக்குப் போனது.

பழைய பொருளாளர்:

சவுக்குத்தோப்பு தம்பி, உங்கள் ஊர்ப் பொருளாளர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. பணம் எந்த நாட்டுப் பணம் என்பது கணக்கே இல்லை, கொடுப்பவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதுதான் கணக்கு. ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) இருந்தாலும் வெளிநாட்டவர்தான். எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவு பெற்ற அமைப்புக்கே டெல்லி ஸ்டேட் பாங்க் மெயின் கிளையில் உள்ள கணக்கில்தான் வெளிநாட்டுப் பணம் முதலில் விழ வேண்டும். தூணில் ஒட்டிய அட்டையில் விழக் கூடாது.

ஜிபேயைத் திட்டுகிறவர்களுக்கும் ஒன்று. 2021இல் கொரோனாவுக்காக வெள்ளி, சனி, ஞாயிறு வழிபாட்டுத் தலங்களை மூடி வைத்தார்களே, அப்போது கரண்ட் பில் எதிலிருந்து கட்டினோம் என்று நினைக்கிறீர்கள்?

இளம் பொருளாளர்களுக்குச் சொல்கிறேன், யாரும் கேட்காவிட்டாலும். பொருளாளரின் சொந்த நம்பருக்கு ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள், அவர் உத்தமராகவே இருந்தாலும். ஸ்கேன் செய்ததும் திரையில் கோயில் பெயர் வர வேண்டும், ஆள் பெயர் வரக் கூடாது. கமிட்டித் தீர்மான நகலும் பான் அட்டையும் கொண்டுபோய்க் கோயில் பெயரிலேயே கணக்கு தொடங்கி, வணிகர் க்யூஆர் வாங்குங்கள். பாங்குக் கணக்கிலிருந்து வரும் யூபிஐக்கு 2020 ஜனவரி முதல் வாங்குகிறவரிடம் கட்டணம் பிடிப்பதில்லை. பேசும் பெட்டிக்குத்தான் மாத வாடகை. அது நமக்கு எதற்கு?

கணக்கோடு சேரும் சிம் கார்டு கோயிலுடையதாக இருக்கட்டும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கமிட்டி மாறும். பழைய ஆள் நம்பரைக் கொடுக்க மாட்டார், குறுஞ்செய்தி எல்லாம் அவருக்கே போய்க்கொண்டிருக்கும். இதனால் இரண்டு கட்சியான சபையை எனக்குத் தெரியும். ஞாயிறு காலை ஆராதனைக்கு முன் நீங்களே ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். நம் க்யூஆரின் மேல் தங்கள் க்யூஆர் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் கடைகளைத்தான் குறி வைப்பார்கள் என்று எழுதியா வைத்திருக்கிறது? இன்னொன்று, பெயர் தெரியாத நன்கொடைக்கு 30 சதவீத வரி என்று யாராவது பயமுறுத்துவார்கள். முழுக்க மதக் காரியத்துக்காகவே உள்ள அமைப்புக்கு அது கிடையாது, உண்டியலைத் தூக்கிப் போட வேண்டாம். அதே டிரஸ்டில் பள்ளிக்கூடமும் நடத்தி, பள்ளிக்கென்றே பெயர் இல்லாமல் வாங்கினால்தான் வில்லங்கம்.

என் அனுபவம் என்றால், ஒன்று உண்டு. மார்ச் கடைசியில் ஆடிட்டுக்காக வருஷ ஸ்டேட்மென்ட்டை அச்செடுத்து உட்கார்ந்தேன். தொகைக்குப் பக்கத்தில் குறிப்பு என்று ஒரு கட்டம் வரும். யாரும் பார்ப்பதில்லை. அதில் "அம்மா ஆபரேஷன் ஜெபிக்க" என்று இருந்தது. மீதி எழுத்து அறுந்துபோயிருந்தது. முந்தின ஜூன் தேதி. மேலே கீழே தேடினால் இன்னும் இருந்தன. "குழந்தைக்காக." "விசா." ஒன்றில் வெறும் "ஆண்டவரே." கவரில் போடும் காலத்தில் உள்ளே சீட்டு வைப்பார்கள், ஐயர் வாசித்து ஜெபிப்பார். இவர்கள் அந்த நினைப்பிலேயே இங்கே எழுதியிருக்கிறார்கள். அந்த அம்மாவின் அடக்க ஆராதனைக்கு ஆகஸ்டிலேயே போய் வந்திருந்தேன்.

இப்போது சனிக்கிழமை இரவு ஸ்டேட்மென்ட்டை இறக்கி, குறிப்புகளை மட்டும் ஒரு தாளில் எழுதி ஐயர் கையில் கொடுக்கிறேன். பெயரும் தொகையும் இல்லாமல்.

வடசென்னை:

உங்கள் கோயிலில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது போல. என் அத்தைக்கு எங்கள் பாஸ்டர் படம் வைத்த நம்பரிலிருந்து "அவசரம், ஒரு ஊழியர் ஐசியூவில், இதில் அனுப்புங்கள்" என்று செய்தி. பென்ஷன் பணத்திலிருந்து எட்டாயிரம் அனுப்பிவிட்டார். பாஸ்டர் அப்போது எதிர் வீட்டில் ஜெபக் கூட்டத்தில் இருந்தார்! ஜன்னலைத் திறந்தால் குரல் கேட்டிருக்கும். சைபர் மோசடிக்கான 1930 எண்ணுக்கு அழைத்துப் புகார் பதிந்தோம். பணம் வரவில்லை.

யூடியூபில் செய்தி கொடுக்கும்போதே திரையில் க்யூஆர் கோடு காட்டி "இந்த நிமிஷமே அனுப்பு" என்கிறவர்களைப் பற்றி எழுத வந்தேன், எழுதினால் சண்டை வரும்.

பெயர் வேண்டாம்:

பழைய பொருளாளர் ஐயாவுக்கு. தொகை இல்லாமல் எழுதிக் கொடுக்கிறேன் என்கிறீர்கள், நல்லது. ஆனால் நீங்கள் பார்க்கிறீர்கள்தானே?

நான் ஐ.டி. வேலை, பெங்களூரு. பிறந்த ஊர்ச் சபைக்கு மாதா மாதம் தசமபாகம் அனுப்புவேன். வேலை போயிற்று. வீட்டில் சொல்லவில்லை, அப்பாவுக்கு அப்போதுதான் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். சேமிப்பிலிருந்து வீட்டுக்கு அதே தொகையை அனுப்பிக்கொண்டிருந்தேன். காணிக்கையை மட்டும் இருநூறாகக் குறைத்தேன். கடவுளிடம் நடிக்க வேண்டாமே என்று.

எங்கள் பொருளாளர் மாமா கெட்டவர் இல்லை. எங்கள் அப்பாவைக் கடைத்தெருவில் பார்த்து, உண்மையான அக்கறையோடுதான் கேட்டிருக்கிறார்: "தம்பிக்கு வேலையில எதுவும் பிரச்சினையா அண்ணாச்சி? காணிக்கை ரொம்பக் குறைஞ்சிருக்கே, ஜெபத்துல வைக்கட்டுமா?" அப்பா கடைத்தெருவிலிருந்தே எனக்குப் போன் செய்தார். பின்னால் பஸ் ஹாரன் சத்தம். "ஒனக்கு வேல இருக்கா இல்லியா, ஒரே வார்த்த சொல்லு" என்றார்.

பழைய பொருளாளர்:

தம்பி, அவர் வெளியே பேசியது தவறு. அதில் இரண்டு பேச்சே இல்லை. ஆனால் ஸ்டேட்மென்ட்டை யாராவது ஒருவர் பார்த்துத்தானே ஆக வேண்டும்? காணிக்கைப் பெட்டிக்கு எதிரே இயேசுவே உட்கார்ந்து, யார் எவ்வளவு போடுகிறார்கள் என்று பார்க்கவில்லையா?

பெயர் வேண்டாம்:

பார்த்தது இயேசு. பொருளாளர் இல்லை.

சவுக்குத்தோப்பு:

தம்பி சொன்னது நியாயம்தான். வேலை கிடைத்ததா?

பெயர் வேண்டாம்:

கிடைத்தது அண்ணே, வேறு ஊரில். காணிக்கையை இப்போது லீவுக்குப் போகும்போது கவரில் போடுகிறேன், பெயர் எழுதாமல். சவுக்குத்தோப்பு அண்ணே, உங்கள் தங்கச்சி ஊருக்கு வரும்போது பையில் போட்டால்?

பழைய பொருளாளர்:

சட்டப்படி அதுவும் வெளிநாட்டுப் பணம்தான். இதை இங்கே எழுதாதீர்கள்.

தாமிரபரணிக்கரை:

நான் கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. சரி. எங்கள் ஐயரிடமே கேட்டுவிட்டேன். அடுத்த வாரத்திலிருந்து ஜெபத்தில் "பையிலும் பாங்கிலும் வந்த காணிக்கைகளை" என்று சேர்த்துக்கொண்டார். பின்பெஞ்சில் சிரிப்பு. முத்துநகர், உங்கள் பெட்டி என்ன ஆயிற்று?

முத்துநகர்:

பங்குத்தந்தையிடம் போய்ச் சொன்னேன். அவரே வந்து சத்தத்தைக் குறைத்துவிட்டுப் போனார். செக்ரட்டரி திரும்ப ஏற்றிவிட்டார்.