மறுமொழி: விண்ட்லஸுக்குத் தமிழ் – ‘நங்கூரச் சுருட்டி’ சரிவராது

குழுவினருக்கு வணக்கம்.

படகின் நங்கூரச் சங்கிலியை ஏற்றி இறக்கும் விண்ட்லஸுக்கு என்ன தமிழ்ச் சொல் வைப்பது என்று மூன்று நாளாக எல்லாரும் எழுதிய கடிதங்களை வாசித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். நேற்று இரவு ‘நங்கூரச் சுருட்டி’ முடிவாகிவிட்டது, இனிச் சொற்கோப்பில் ஏற்றலாம் என்று ஒருவர் எழுதியதைக் கண்டபிறகு இருக்க முடியவில்லை. போன மாதம் அந்தச் சாமானை என் கையால் ஒரு பாய்ப்படகில் பூட்டினேன். அது எதையும் சுருட்டாது.

தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் இறக்குகிறவர் நூலைக் கட்டையில் சுற்றிச் சுற்றி எடுப்பார். அது சுருட்டல். இங்கே நடப்பது வேறு. கடலிலிருந்து ஏறிவரும் சங்கிலி, ஒரு சில்லின் விளிம்பில் உள்ள குழிகளில் கண்ணி கண்ணியாக உட்கார்ந்து, கால் சுற்றோ அரைச் சுற்றோ போய், அங்கிருந்து கழன்று தன் பாரத்தாலேயே கீழே உள்ள அறைக்குள் விழுந்துவிடும். சில்லில் எந்த நேரமும் சில கண்ணிகள்தான் இருக்கும். 8 மில்லிமீட்டர்ச் சங்கிலி 50 மீட்டர் என்றால் ஏறக்குறைய 70 கிலோ. அவ்வளவையும் படகின் முன்பகுதியான அணியத்துத் தட்டின் மேலே சுருட்டி வைத்தால் படகு மூக்கால் தண்ணீர் குடிக்கும். உருளையில் முழுவதையும் சுற்றி எடுக்கும் வகையும் சில மீன்பிடிப் படகுகளில் உண்டு. சுருட்டி என்ற பெயரை அதற்குக் கொடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஒரு சொல்லுக்காக ஏன் இவ்வளவு மினக்கெடுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் பொறி பூட்டிய அந்தப் பாய்ப்படகு உறவினர் ஒருவருடையது. 36 அடிக் கண்ணாடியிழைப் படகு, காரைநகர்ப் பக்கம் கட்டி நிற்கிறது. வேலைக்கு இரண்டு பொடியன்கள். இருவரும் கடற்றொழில் குடும்பம்; முடிச்சுப் போடுவதை எனக்கே படிப்பிப்பார்கள். முதல் சோதனை நாளன்று நான் பின்னால் சுக்கானில், சின்னவர் முன்னால். நங்கூரம் இறங்கிய கையோடு சங்கிலி கடகடவென்று ஓடுகிற சத்தம் கேட்டது. “தம்பி, கப்பியை இறுக்கு!” என்று கத்தினேன். நான் நினைத்தது சங்கிலி ஓடும் அந்தச் சில்லை. அவர் போய்ப் பிடித்தது படகின் மூக்கில், நங்கூரம் வந்து தங்கும் உருளையை. அதையும் நாங்கள் கப்பி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் குனிந்து அந்த உருளையின் ஆணியைத் திருகித் திருகி இறுக்குகிறார். பக்கத்தில் மிச்சச் சங்கிலி முழுவதும் ஓடி முடிந்தது. கடைசிக் கண்ணியை அறையின் அடியில் ஒரு நைலோன் கயிற்றால் கட்டியிருந்தபடியால் தப்பினோம். அந்தக் கயிறு தட்டுக்கு மேலே வரும் அளவுக்கு நீளமாக இருக்க வேண்டும். ஆபத்தில் கத்தியால் அறுத்துவிட்டு ஓடலாம். இரும்புக் கொளுவி போட்டால் அது முடியாது. பொடியனை ஏசவும் வழியில்லை, நான் சொன்னதைத்தான் அவர் செய்தார்.

ஆகவே என் கணக்கில், முழு இயந்திரத்தின் பெயரைவிட உறுப்புகளின் பெயர்தான் அவசரம். காற்றுக்கு எதிரே கத்தினாலும் காதில் விழ வேண்டும். ஒன்றைச் சொன்னால் இன்னொன்று நினைவுக்கு வரக் கூடாது. இனி உங்கள் கடிதங்கள்.

> ‘விண்ட்’ என்றால் காற்று. ஆகவே ‘காற்றுப்பொறி’ எனலாமா?

ஐயா, அந்த ‘விண்ட்’ காற்றில்லை. பழைய நோர்ஸ் மொழியில் முறுக்குதல், சுற்றுதல் என்ற வினையும் தடி என்ற பெயரும் சேர்ந்த சொல் அது. தடியைப் போட்டுச் சுற்றும் உருளை என்று பொருள். காற்றடித்தாலும் அடிக்காவிட்டாலும் வேலை செய்யும்.

> பள்ளிக்கூடப் புத்தகத்தில் ‘சில்லும் அச்சாணியும்’ இருக்கிறதே?

இருக்கிறது. தத்துவம் அதேதான். ஆனால் அது ஒரு வகை எளிய பொறியின் பெயர். கிணற்று உருளையும் அதற்குள் வரும், படகின் சுக்கான் சில்லும் வரும்.

> ‘வின்ச்’ என்றே விடலாம். கரைவலைக்காரர் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

உண்மை. உழவு இயந்திரத்தில் பூட்டிக் கரைவலை இழுப்பதை வின்ச் என்றுதான் சொல்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், பாய்ப்படகில் ஏற்கெனவே வின்ச் இருக்கிறது: பாயின் கயிற்றை இறுக்கும் சின்ன உருளைகள். எங்கள் படகில் அப்படி ஆறு. “வின்சுக்குப் போ” என்றால் எதற்குப் போவது?

> ‘நங்கூர வலிப்பான்’. வலித்தல் என்பது எங்கள் கடற்கரைச் சொல்.

சொல் நல்ல சொல். தண்டு வலிக்கிறோம், கயிறு வலிக்கிறோம். ஆனால் “வலிப்பான் நின்றுபோச்சு” என்று பொடியன்களில் பெரியவர் ரேடியோவில் சொன்னதும், யாருக்கோ வலிப்பு வந்துவிட்டதாக்கும் என்று கரையில் இருந்தவர்கள் பதறினார்கள். விளையாட்டாக எழுதவில்லை, நடந்தது.

> பாரந்தூக்கி நிலைத்துவிட்டது. ‘நங்கூரந்தூக்கி’யும் நிலைக்கும்.

வந்தவற்றில் இதுதான் பலமான வாதம். இறக்கவும் செய்கிறதே என்று மறுக்க மாட்டேன். பாரந்தூக்கியும் இறக்கத்தான் செய்கிறது. என் தயக்கம் தட்டின் மேல் வருவது. ‘நங்கூரந்தூக்கி’ என்று கத்தும்போது, அது பொருளின் பெயரா, ‘நங்கூரம் தூக்கி…’ என்று தொடங்கும் கட்டளையா என்று தெரியவில்லை. இரண்டு தடவை சோதித்துப் பார்த்தேன். இரண்டு தடவையும் பொடியன் “தூக்கி என்ன செய்ய?” என்று திருப்பிக் கேட்டார்.

> ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதினால் போதும்.

மானிப்பாயில் தமிழில் மருத்துவம் படிப்பித்த டொக்டர் கிறீன் 1875இல் வேதியியல் நூல் ஒன்றைக் கொண்டுவந்து ‘கெமிஸ்தம்’ என்று பெயர் வைத்தார். அவருடைய உழைப்புக்கு முன்னால் நாங்கள் எல்லாம் தூசு. இருந்தாலும் கெமிஸ்தம் இன்றைக்கு யார் வாயில் இருக்கிறது? இரசாயனம் என்கிறோம். எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும்: துவிச்சக்கரவண்டி என்று பத்திரிகையில் எழுதுவோம், ஏறி ஓடுவது சைக்கிளில். எது ஒட்டும் என்பது கைக்கும் வாய்க்கும்தான் வெளிச்சம். ‘கிளச்சு’ எங்கள் கையில் ஏற்கெனவே ஒட்டியிருக்கிறது, மோட்டார் சைக்கிள் ஓடும் எவருக்கும் தெரியும். அதை மாற்ற வேண்டாம். எங்கள் பொறியில் கிளச்சே பிரேக்காகவும் நிற்கிறது: கைபிடியால் கிளச்சின் கூம்பை இறுக்கினால் சில்லு மோட்டாரோடு சேரும், தளர்த்தினால் சங்கிலி தன்பாட்டில் ஓடும். ஒரு புதுச் சொல்லின் தேவை மிச்சப்பட்டது.

ஆங்கிலத்தில் அச்சுக் கிடையாக இருந்தால் விண்ட்லஸ், நிமிர்ந்து நின்றால் கப்ஸ்டன். படகுச் சாமான் விற்கிறவர்கள் அதை மதிப்பதில்லை. இரண்டையும் விண்ட்லஸ் என்றே விற்கிறார்கள். எங்களிடம் அழகான வழி இருக்கிறது. நிமிர்ந்த உருளையை ஆட்கள் தடி போட்டுச் சுற்றிச் சுற்றித் தள்ளும் படத்தைப் பார்த்தால் நல்லெண்ணெய்ச் செக்கு நினைவுக்கு வராதவர் யார்? மாட்டுக்குப் பதில் மாலுமி. ஆகவே நிமிர்ந்தது செக்குப்பொறி, படுத்தது கிடைப்பொறி.

எங்கள் படகுக்குச் செக்குவகையைத்தான் எடுத்தோம். சங்கிலி சில்லை அரைச் சுற்று அணைத்துக்கொள்வதால் துள்ளிக் கழல்வது குறைவு. மோட்டார் தட்டுக்குக் கீழே, உப்புத் தண்ணீர் படாமல் இருக்கும். கிடைவகையில் எல்லாம் தட்டின் மேலே. பூட்டுவது லேசு, ஆனால் சங்கிலிக்குக் கால் சுற்றுப் பிடிதான். செக்குவகைக்கு ஒரு நிபந்தனை உண்டு: தட்டுக்குக் கீழே சங்கிலி விழ இடம் வேண்டும். குவியலுக்கு மேலே ஒரு 30 சென்ரிமீட்டராவது வெறுமையாக இல்லாவிட்டால் குவியல் சங்கிலி விழும் ஓட்டையை அடைத்து, சங்கிலி திரும்பிச் சில்லுக்குள்ளேயே சிக்கும். அளக்காமல் வாங்கியவர்கள் பிறகு படகைத்தான் வெட்ட வேண்டும்.

இழுவைக் கணக்கு ஒருவர் கேட்டிருந்தார். நங்கூரம் 20 கிலோ, சங்கிலி 70 கிலோ, கூட்டினால் 90. பொறியின் உச்ச இழுவை அதைப்போல மூன்று மடங்கு, அதாவது 270 கிலோவுக்குக் குறையாமல் பார்ப்பது வழக்கம். 12 வோல்ட்டில் 1000 வாற் மோட்டார். பாரம் ஏறும்போது 100 அம்பியர் வரை எதிர்பார்க்கலாம். பற்றரி நடுவில், பொறி மூக்கில், போகவர 20 மீட்டர் வயர். 50 சதுர மில்லிமீட்டர்ச் செப்பு வயர் போட்டும் வழியில் 0.7 வோல்ட் தொலைகிறது. மெல்லிய வயர் போட்டால் மோட்டார் முனகும், வயர் சுடும். பற்றரிக்குக் கிட்ட, மின்னோட்டம் மிஞ்சினால் தானாகவே துண்டிக்கும் ஒரு ட்ரிப் சுவிட்ச் கட்டாயம். (அதைப் ‘பிரேக்கர்’ என்று சொல்ல நான் விடவில்லை. மூக்கில் ‘பிரேக்’, உள்ளே ‘பிரேக்கர்’ என்றால் திரும்பவும் கப்பிக் கதைதான்.) தட்டில் போட்ட ஓட்டைகளைச் சுற்றி கண்ணாடியிழைக்கு நடுவில் உள்ள மரத்தைச் சுரண்டி எடுத்து எபொக்சி நிரப்பினோம். இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே ஊறி இரண்டு மழைக்காலத்தில் தட்டு மெதுமெதுவென்று போய்விடும்.

சங்கிலி விஷயத்தில் நானும் ஏமாந்தேன். பட்டணத்துக் கடை ஒன்றில் 8 மில்லிமீட்டர் என்று வாங்கியது கம்பித் தடிப்பில் சரி, கண்ணி நீளத்தில் பிழை. சில்லின் குழி 24 மில்லிமீட்டர் உள்நீளக் கண்ணிக்கு வெட்டியது. கடைச் சங்கிலியின் கண்ணி அதைவிட நீளம். நாலாவது கண்ணியிலேயே குழியை விட்டு ஏறி ‘டக் டக்’ என்று துள்ளத் தொடங்கியது. அந்த இடத்தில் குந்தியிருந்து குழியையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் சொல் வந்தது: குழிச்சில்லு. பல்லுச்சில்லு என்று எழுதியவர் கவனிக்க வேண்டும். அதில் இருப்பது பல் இல்லை, குழி.

என் பட்டியல் இதுதான், சுருக்கமாக. முழுச் சாமான் நங்கூரப் பொறி. தட்டில் ‘பொறி’ என்றால் போதும். எலிப்பொறி நினைவுக்கு வருமே என்றால், வரட்டும், அதற்குள் விரலை வைத்தால் அதேதான் நடக்கும். மூக்கில் இருப்பது அணியக் கப்பி. சங்கிலி விழும் அறை சங்கிலிக் கிடங்கு. நங்கூரம் பிடித்தபிறகு பாரத்தைப் பொறியிலிருந்து எடுத்துத் தன்மேல் வாங்கும் நைலோன் கயிறு தாங்குகயிறு. படகு அலையில் இழுக்கும் இழுவையைப் பொறியின் அச்சில் விடவே கூடாது.

கிடங்கு மூடியின் உட்பக்கம் பூசுவதற்கு எழுதியதை அப்படியே தருகிறேன்:

“முதலில் படகின் இயந்திரத்தை இயக்கு, பிறகு பொறியைத் தொடு. கை, தலைமயிர், சாரம் எதுவும் குழிச்சில்லுக்குக் கிட்டப் போகக் கூடாது. இறக்கும்போது ஆழத்தைப்போல ஐந்து மடங்கு சங்கிலி. இறக்கி முடிந்ததும் கிளச்சை இறுக்கு, தாங்குகயிற்றைக் கொளுவு, சங்கிலியைத் தளர விடு. ஏற்றும்போது படகைப் பொறியால் இழுக்காதே. இயந்திரத்தால் முன்னே போ, தளர்ந்த சங்கிலியைப் பொறி எடுக்கட்டும்.”

சின்னவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். ஒன்றையும் திருப்பிக் கேட்கவில்லை. “ஐந்து மடங்கு என்றால் கப்பியிலிருந்து தண்ணீர் வரையும் சேர்த்தா?” என்று மட்டும் கேட்டார். சேர்த்துத்தான். அதையும் எழுதிவிட்டேன்.

இன்னும் இரண்டு விஷயம் பாக்கி. குழிச்சில்லுக்கு மேலே, கயிறு இழுப்பதற்கு ஒரு வழுவழுப்பான உருளை இருக்கிறது. பொடியன்கள் அதை ‘மொட்டை’ என்கிறார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் சொற்கோப்பில் மொட்டை என்று ஏற்ற இந்தக் குழு சம்மதிக்குமா தெரியாது. மற்றது: வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரைக்கும் பாயில் போனது. அந்தக் காலத்துப் பாய்க்கப்பல்களில் நங்கூரம் ஏற்றிய ஆட்கள், கூட்டாக வேலை செய்யும்போது பாடும் அம்பாப் பாட்டோடு எதையோ பிடித்துச் சுற்றியிருப்பார்கள். அந்த ‘எதையோ’வுக்கு அவர்கள் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். வல்வெட்டித்துறை, பருத்தித்துறைப் பக்கம் வயதான தண்டையல்மாரை, அதாவது பாய்க்கப்பல் தலைவர்களை, தெரிந்தவர்கள் கேட்டு எழுதுங்கள். அந்தச் சொல் கிடைத்தால் என் ‘நங்கூரப் பொறி’யை நானே வாபஸ் வாங்குகிறேன். சனிக்கிழமைதான் எழுத்துப் பூசுகிறவர் வருகிறார். அதுவரை மூடி வெறுமையாகத்தான் இருக்கும்.